ராம் பத்தலை

இந்த ஆவணி முடிவதற்குள் கம்ப்யூட்டரை மாற்றியே தீருவது என்று பாலகுமார் முடிவு செய்தார். முடிவைக் குளியலறையில் வைத்து எடுத்தார். அந்த வீட்டில் அவர் தன்னிச்சையாக முடிவெடுக்கிற இடம் அது ஒன்றுதான். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அவர் ரிசப்ஷன் கிளார்க். பகலெல்லாம் சாவி கொடுப்பார், சாவி வாங்குவார், "ஹாட் வாட்டர் இப்பத்தான் சார் நின்னுச்சு" என்று சொல்வார். சாயங்காலம் ஆனந்தகிரியில் வீட்டுக்கு வந்து, ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. அப்போது அவர் ஓவியர். காகிதம், தூரிகை, சாயம் எதுவும் கிடையாது. எல்லாம் மவுஸ்தான். மவுஸால் மலை வரைவது என்பது ஈரமான சோப்புக் கட்டியைப் பிடித்துக் கையெழுத்துப் போடுகிற மாதிரி. இருந்தாலும் அவர் விடவில்லை. அவருடைய மரங்கள் பெரும்பாலும் காலிஃபிளவர் மாதிரி வரும். காலிஃபிளவர் வரைந்திருந்தால் மரம் மாதிரி வந்திருக்குமோ என்னவோ, அவர் முயற்சி செய்ததில்லை.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சி மலையெல்லாம் பூத்துக்கிடந்தது. பார்க்க வந்த கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டு நின்றது. லாட்ஜ் முதலாளி வேலுச்சாமி ஒருநாள் கவுன்டர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"பாலா, நீ கம்ப்யூட்டர்ல படம் போடுவியாமே?"

"ஏதோ கொஞ்சம் போடுவேங்க."

"குறிஞ்சி பூத்த மலை ஒண்ணு பெருசா போட்டுக்குடு. பிளெக்ஸ் அடிச்சு வாசல்ல கட்டுவோம். கீழ ஓரத்துல உம்பேரையும் போட்டுக்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வினை. பாலகுமாரின் பேர் அதுவரை வெளியே எங்கும் எழுதப்பட்டதில்லை. ரேஷன் கார்டில் இருந்தது, அதிலும் 'பால்குமார்' என்று இருந்தது. வாசலில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஊதா மலைக்குக் கீழே 'பாலா' என்று சாய்வாக எழுதியிருப்பதை அவர் அன்று மத்தியானமே மனசுக்குள் பார்த்துவிட்டார்.

மனசுக்குள் வந்த படம் மெஷினுக்குள் வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டர், மூடப்பட்ட ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்து கைமாறி வந்தது. ஆன் செய்தால் காட் ரோட்டில் செகண்ட் கியரில் ஏறுகிற பஸ் மாதிரி ஒரு சத்தம். பெரிய படம் என்றால் அதற்கு ஆகாது. வானம் ஒரு அடுக்கு, மலை ஒரு அடுக்கு, பூ ஒரு அடுக்கு என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால், பூ வருகிற நேரத்தில் திரையில் ஒரு மணல் கடிகாரம் வந்து நின்றுகொள்ளும். அவர் போய் டீ குடித்துவிட்டு வருவார். கடிகாரம் நின்றுகொண்டிருக்கும். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துவிட்டு வெளியே போகும். கடிகாரம் நின்றுகொண்டிருக்கும். அப்புறம் கரண்ட் ஒருதரம் கண்ணடிக்கும். கடிகாரமும் போய்விடும், மலையும் போய்விடும். அப்போதைக்கப்போது சேமித்து வைத்திருந்தால் போயிருக்காது. சேமிக்கிற பழக்கம் பாலகுமாருக்கு எந்த விஷயத்திலும் கிடையாது என்று அவர் மனைவி சொல்வாள்.

மனைவியின் பேர் மகாராணி. பெற்றவர்கள் பாசத்தில் வைத்த பேர், பிற்பாடு பதவியாகிவிட்டது. மேல்மலையில் பூண்டு விளைகிற ஊர்க்காரி. அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

"மகாராணி, இந்த மெஷின்ல ராம் பத்தலை" என்று ஒருநாள் சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தார்.

"ராமர் பத்தலைன்னா வேற சாமியக் கும்பிடுங்க."

"அந்த ராம் இல்ல. மெமரி. ஞாபக சக்தி."

"அது மெஷினுக்கு இல்லையா, ஒங்களுக்கு இல்லையா? அரிசி வாங்கிட்டு வாங்கன்னு காலையில சொன்னேன்."

"வர்றப்ப மறந்துட்டேன். அத விடு. புதுசா கிராபிக்ஸ் கார்டும் போடணும்."

"மொதல்ல ரேஷன் கார்டுல பேர மாத்துங்க. பால்குமார்னு கூப்புட்டு கடையில எல்லாரும் சிரிக்கிறாக."

அன்றைய பேச்சுவார்த்தை அத்துடன் முடிந்தது. அவர் அரிசி வாங்கப் போனார்.

ஆனால் ஒரு விஷயம் அவருக்கு ஆறுதலாக இருந்தது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் ஓடுகிறதைப் பார்த்தாலே மகாராணிக்கு ஆகாது. "கரண்டு பில்லு என்ன ஒங்க லாட்ஜ் மொதலாளியா கட்டுறாரு?" என்பாள். ஆடி மழை பிடித்ததிலிருந்து ஆள் மாறிவிட்டாள். படுக்கப் போகும்போது அவர் மெஷினை நிறுத்தக் கையை நீட்டினால், "இருக்கட்டுங்க, ஓடட்டும். நிறுத்தி நிறுத்திப் போட்டா கெட்டுப்போகுமாமே" என்பாள். கம்ப்யூட்டர் மேஜையைத் தினமும் ஈரத்துணி வைத்துத் துடைத்தாள். காலையில் அவர் எழுந்து வருமுன்னே அந்த அறையைப் பெருக்கி வைத்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது தன் கலை அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று பாலகுமார் நினைத்தார்.

இரக்கம் வந்துவிட்டது, இனி ஒரு சின்னத் தள்ளு தள்ளினால் போதும் என்று குளியலறையில் கணக்குப் போட்டார். திட்டம் எளிமையானது. அன்று மகாராணி தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே விரல் நீளத்துக்குப் பச்சையாக இரண்டு பட்டைகள். அவைதான் ராம். இரண்டையும் பிடுங்கி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டார். தகட்டை மூடினார். மகாராணி குடத்தோடு உள்ளே வந்தபோது சுவிட்சைப் போட்டார். மெஷின் 'பீப், பீப்' என்று இடைவிடாமல் கத்தியது. திரை இருண்டு கிடந்தது.

"என்னங்க அது, ஆம்புலன்ஸ் மாதிரி?"

"போச்சு மகாராணி." பாலகுமார் நெற்றியில் கை வைத்தார். "மதர் போர்டு போயிருச்சு."

"நல்லாயிருமா?"

"நம்ம கையில ஒண்ணும் இல்ல."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு மகாராணி மெஷின் பக்கத்தில் வந்தாள். அதன் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"சில்லுன்னு கெடக்கே" என்றாள். குரலில் உண்மையான கவலை இருந்தது.

அந்தக் கவலையைப் பார்த்தபோது பாலகுமாருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அதற்காக ராமைத் திருப்பி மாட்டுகிற அளவுக்கு இல்லை.

அன்று சாயங்காலம் அவர் லாட்ஜிலிருந்து திரும்பும்போது வழியெல்லாம் வாதங்களை அடுக்கிக்கொண்டே வந்தார். பழசைப் பழுது பார்ப்பதை விடப் புதுசு ஏன் லாபம், குடும்பத்துக்கு அது எப்படி உதவும், பின்னால் பிள்ளைகள் படிப்புக்கு. பிள்ளைகள் கிடையாது, இருந்தாலும் வாதத்துக்கு வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகாராணி சொன்னாள்.

"புதுசே வாங்கிருவோங்க."

பாலகுமார் ஒரு செருப்போடு நின்றார்.

"பழனியில ஒரு கடையில நல்லதா இருக்காம். நாளைக்கு லீவு போடுங்க. வெள்ளனே பஸ்ல போனா மலையேறிச் சாமி கும்பிட்டுட்டு, அப்பிடியே வாங்கிட்டு வந்துறலாம்."

"பணம்?"

"இருக்கு."

எங்கிருந்து என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று விழுங்கிவிட்டார். அவ்வளவு வாதங்களும் வீணாகப் போனதில் ஒரு சின்ன வருத்தம் மட்டும் இருந்தது.

"பழசக் கடையில எக்ஸ்சேஞ்சுல குடுத்துறலாம்" என்றார் பெருந்தன்மையாக.

"அது கெடக்கட்டும்" என்றாள் மகாராணி.

பழனியில் அந்தக் கடை அடிவாரத்துக்குப் போகிற தெருவில், ஒரு பஞ்சாமிர்தக் கடைக்கும் ஒரு மொட்டை அடிக்கிற கடைக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரர் பொன்னுவேல், பெரிய விபூதிப் பட்டையோடு இருந்தார். பாலகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, இணையத்தில் படம் போடுகிறவர்கள் கூடிப் பேசுகிற இடங்களில் மாதக்கணக்காகப் படித்ததையெல்லாம் எடுத்து விட்டார். ஒரு ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு. பெரிய ஹார்ட் டிஸ்க்.

"அப்பறம் டேப்லெட் ஒண்ணு."

"தலைவலின்னா எங்கிட்ட இருக்கே" என்றாள் மகாராணி, கைப்பையைத் திறந்தபடி.

"அது இல்ல. பேனா வச்சு எழுதுற பலகை. மவுஸுக்குப் பதிலா."

பொன்னுவேல் மூன்று மெஷின்களைக் காட்டினார். முதலாவதைத் தட்டிக் கொடுத்தார். "இது லேட்டஸ்ட்டுங்க. சத்தமே இருக்காது."

மகாராணி முன்னால் வந்தாள். "சூடாகுமா?"

"சூடுங்கிற பேச்சே இல்லங்கம்மா. ரெண்டு பேன் இருக்கு. நாள் பூரா ஓட்டுனாலும் பச்சத்தண்ணி மாதிரி இருக்கும்."

"அப்ப வேணாம்."

பொன்னுவேல் பாலகுமாரைப் பார்த்தார். பாலகுமார் கூரையைப் பார்த்தார்.

"அடுத்தது எப்பிடி?" என்றாள் அவள்.

"அதுவும் கூல்தாங்க."

"ஓரத்துல கெடக்குதே, அது?"

"அது வேணாங்கம்மா. ஸ்பீடு நல்ல ஸ்பீடு, கார்டும் பெரிய கார்டு. ஆனா பயங்கரமா சூடாகும். பக்கத்துல உக்காந்தா வேர்த்துரும். பழனி வெயிலுக்கு யாரு வாங்குவா? வந்ததுலருந்து அப்பிடியே கெடக்கு."

"போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டினார். மகாராணி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அதன் தலையில் கையை வைத்தாள். பின்பக்கம் குனிந்து, காற்று வெளியே வருகிற இடத்தில் முகத்தைக் காட்டினாள். அவள் முகத்தில் பழனி மலையில்கூட வராத ஒரு நிறைவு வந்தது.

"மேல்பக்கம் தட்டையாத்தான இருக்கு?"

"தட்டைதாங்க."

"இதையே கட்டுங்க."

பாலகுமாருக்கு நம்ப முடியவில்லை. மூன்றில் அதுதான் பெரிய மெஷின். அவர் ஆசைப்பட்டுக் கேட்கப் பயந்தது. வெளியே வந்ததும், "மேல தட்டையா எதுக்கு?" என்று கேட்டுவைத்தார்.

"சாமி படம் வைக்கத்தான்" என்றாள்.

டேப்லெட்டும் வாங்கிக் கொடுத்தாள். மலை ஏறுகிற பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாலகுமார் ஜன்னல் பக்கம் திரும்பி யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டார். இரண்டு பட்டையை உருவினேன், ஒரு கம்ப்யூட்டர் வந்தது. புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. மகாராணி அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாட்கள் பொற்காலம். பழசை மூலையில் தள்ளியதோடு மறந்துவிட்டார். பேனா பிடித்து வரைந்ததில் மரங்கள் மரமாக வந்தன. அடுக்கு மேல் அடுக்காகப் போட்டார், மெஷின் முனகக்கூட இல்லை. அறை கதகதவென்று இருந்ததில் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டார். மலைச்சரிவில் ஊதாப் பூ ஏறிக்கொண்டே வந்தது. ஒரே ஒரு குறை, அறையில் லேசாக ஒரு புளித்த வாடை. புது மெஷினின் பெயின்ட் வாடையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

பிறகு மெஷின் தன்னால் நிற்க ஆரம்பித்தது. அவர் சாயங்காலம் வரைந்துவிட்டு ஓடவிட்டுப் போவார், காலையில் வந்து பார்த்தால் அணைந்து கிடக்கும். மேல்பக்கத்துத் துளைகளில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கொடைக்கானல் ஈரக்காற்றில் தகரம் உப்புப் பூக்கிறது போலும் என்று நினைத்து, அதைப் பற்றி இணையத்தில் ஒரு கேள்வியும் போட்டார். ஜெர்மனியிலிருந்து ஒருவர், தான் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று பதில் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாட்ஜுக்குப் போகுமுன் பூவுக்கு நிழல் கொடுத்து முடித்துவிடலாம் என்று பாலகுமார் வழக்கத்துக்கு மாறாக விடிந்தவுடனே எழுந்து அந்த அறைக்குப் போனார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவர் கழற்றி வைத்த ஸ்வெட்டரை மெஷின் போட்டிருந்தது. அதன் தலை மேல் ஒரு பெரிய எவர்சில்வர் சம்படம். பின்னால், சூடான காற்று வருகிற இடத்துக்கு நேராக, ஸ்டூல் போட்டு அதன் மேல் இன்னொரு சம்படம். இரண்டுக்கும் கழுத்தைச் சுற்றிக் கம்பளித்துண்டு. மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்தார். இட்லி மாவு. நுரைத்து, விளிம்புவரை வந்து, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது.

அடுப்படிப் பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தமயந்தி. அவள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்தது. கையில் தூக்குவாளியோடு நின்றாள்.

"எழும்பிருச்சாக்கா?" என்றாள் உள்ளே எட்டிப் பார்த்து.

"மாவா, அவரா?" என்றது மகாராணியின் குரல் அடுப்படியிலிருந்து.

"மாவுதான். அண்ணன் எழும்ப நேரமாகுமே." அப்போதுதான் தமயந்தி பாலகுமாரைப் பார்த்தாள். "ஐயோ, அண்ணனும் எழும்பிட்டாரு. நான் பொறகு வாரேன்."

பாலகுமார் அடுப்படிக்குப் போனார்.

"என்னது அது?"

"மாவு."

"அது தெரியுது. எங்கம்ப்யூட்டர் மேல எதுக்கு?"

"இந்தக் குளிருல மாவு எங்கங்க புளிக்குது? ஆட்டி வச்சா அடுத்த நாளும் அப்பிடியே கல்லு மாதிரி கெடக்கும். ஆடியில ஒருநா எடமில்லாம ஒங்க மெஷின் மேல வச்சேன். விடிஞ்சு பாத்தா பொங்கி வழியுது. தெருவுல எல்லாரும் கேட்டாக. குடுத்தேன்."

"யாவாரமா?"

"பின்ன, ஒங்க மெஷின் எதுல வந்துச்சு? மாவுலதான வந்துச்சு."

பாலகுமார் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் சாயங்காலங்களில் மலை வரைந்த மெஷின், அவருடைய வெற்றி, முழுக்க முழுக்க உளுந்தும் அரிசியும். அந்த வெள்ளையாகக் காய்ந்தது எது என்று ஜெர்மனிக்காரருக்குப் பதில் எழுத வேண்டும் என்று சம்பந்தமில்லாமல் தோன்றியது.

"ரெண்டு சம்படம் வச்சிருக்கியே. மழை நேரம், துண்டு போட்டு மூடி வச்சா மெஷின் மூச்சு முட்டி நிக்காதா? உள்ள மாவு ஒழுகுனா ஷாக் அடிக்காதா?"

"ஒழுகாது. இப்ப அளவாத்தான் ஊத்துறேன். பெரிய சம்படம் தமயந்தி வீட்டுல இருக்கு."

"அங்க எப்பிடிப் புளிக்கும்?"

"பழைய கம்ப்யூட்டர் மேலதான்."

"அது செத்துப்போச்சுல்ல?"

மகாராணி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கி நீங்க வேலைக்குப் போன பெறகு, கழத்திப் போட்டிருந்த ஒங்க ஸ்வெட்டரத் தொவைக்க எடுத்தேன். பையில ரெண்டு சீப்பு இருந்துச்சு. பச்சக் கலருல. என்னடா இது, பல்லு இவ்வளவு குட்டையா இருக்கேன்னு தலையில வச்சு இழுத்துப் பாத்தேன், வாரவே இல்ல. தமயந்தி வீட்டுக்காரரு கம்ப்யூட்டர் சோலிதான பாக்குறாரு, அவருகிட்டக் காட்டுனேன். இது சீப்பு இல்லக்கா, ராமுன்னாரு. வந்து மாட்டிவிட்டாரு. பட்டுனு ஓடிருச்சு. புதுசு வந்த பெறகு ஒங்களுக்குத் தெரியாம அவுக வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்டோம்."

பாலகுமார் ஸ்வெட்டர் பையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவர் அந்தப் பட்டைகளை மறந்தே போயிருந்தார். ஞாபக சக்தி விஷயத்தில் அவள் சொன்னது சரிதான்.

"எப்ப மாட்டுனாரு?"

"பழனிக்குப் போறதுக்கு மொத நாளு."

"அப்ப பழசு நல்லாருக்குன்னு தெரிஞ்சுதான் பழனிக்கு வந்தியா?"

"தெரிஞ்சுதான்."

"பெறகு எதுக்குப் புதுசு வாங்குன?"

"ஒரு மெஷின்ல எத்தன சம்படந்தாங்க வைக்கிறது?"

பாலகுமார் எழுந்தார். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனாலும் எழுந்துவிட்டதால் பேசினார். கலை என்றார். கலைக்கருவி என்றார். சரஸ்வதி என்றார். இனிமேல் அந்த மெஷின் மேல் ஒரு டம்ளர்கூட வைக்கக் கூடாது என்று, தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்கும்படி சொல்லி முடித்தார்.

"சரிங்க" என்றாள் மகாராணி. சம்படங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்தால் சந்தேகப்பட வேண்டும் என்று பழனி அவருக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. அன்று நிம்மதியாக வரைந்தார்.

மறுநாள் காலை லாட்ஜில் சாவி பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது சாப்பாட்டுக் கூடத்தில் சலசலப்பு கேட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் தட்டுகளோடு எழுந்து நின்றுகொண்டிருந்தது. இட்லி விள்ள வரவில்லையாம். வேலுச்சாமி சமையலறையிலிருந்து முகம் சிவந்து வந்தார்.

"பாலா, ஒங்க வீட்டு மாவு இன்னைக்கி வரலையேப்பா."

"எங்க வீட்டு மாவா?"

"ரெண்டு மாசமா அதுதான ஓடுது. ஒம்பொண்டாட்டிகிட்ட ஆள் விட்டுக் கேட்டேன். 'அவுக வேணான்னுட்டாக'ங்கிறாங்க. ஏம்ப்பா, சீசன் நேரத்துல இப்பிடியா செய்வ? பூப் பாக்க வந்த சனம் கல்லத் தின்னுட்டுப் போகவா?"

பாலகுமார் கவுன்டரைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், மாட்டியிருந்த ஸ்வெட்டரைத் தானே கழற்றி மெஷின் மேல் மடித்துப் போட்டார்.

"துளைய மட்டும் அடைக்காத" என்றார்.

"சரிங்க" என்றாள் மகாராணி. அவர் சொன்னபடி துளைகளை விட்டே வைத்தாள். மெஷினும் அதற்குப் பிறகு தன்னால் நிற்கவில்லை.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் பரவாயில்லை. மகாராணி கூர்மையானவள். அவர் எழுத்து எழுதினால், சின்னப் படம் பார்த்தால் மெஷின் அவ்வளவாகச் சூடாகவில்லை. பெரிய படத்தை விரித்து வைத்து வேலை வாங்கினால்தான் சூடேறுகிறது. இதை அவள் கையை வைத்தே கண்டுபிடித்தாள். அதன் பிறகு, சாயங்காலம் அவர் டீயோடு கொஞ்சம் ஓய்வாகச் சாய்ந்தால் போதும்.

"ஏங்க, வரையலையா?"

"கண்ணு வலிக்குது."

"நாளைக்கி ஞாயித்துக்கெழம. எல்லார் வீட்டுலயும் கேப்பாக. வெரசா உக்காருங்க."

உட்கார்ந்தால் பின்னால் வந்து நிற்பாள். சம்படத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

"என்ன வரையிறீக?"

"ஒரு குருவி."

"குருவிக்கெல்லாம் எழும்பாது. மலையப் போடுங்க. அன்னைக்கி அந்த மங்கலாக்குற சோலி ஒண்ணு ஓட்டுனீகளே, அத ஓட்டி விடுங்க. அதுலதான் நல்லா பொங்குச்சு."

பாலகுமார் மலையைப் போட்டார். தூரத்து மலையை மங்கலாக்கினார். அதற்குப் பின்னால் இன்னொரு மலையைப் போட்டு அதையும் மங்கலாக்கினார். மாவு பொங்கியது. ஆசைப்பட்டு வரைந்தபோது ஒரு படத்தையும் முடிக்காத மனிதர், வேறு வழியில்லாமல் வரைந்ததில் குறிஞ்சி மலையை முடித்துவிட்டார். அது நன்றாகவே வந்திருந்தது. மேகம் விலகுகிற நேரம், பள்ளத்தாக்கு முழுக்க ஊதா. கீழே வலது ஓரத்தில் சாய்வாக 'பாலா' என்று எழுதிவிட்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மகாராணியும் வந்து பார்த்தாள்.

"நல்லாருக்குங்க" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். "நம்ம ஊருக்குப் போற வழியில அப்பிடியேதான் இருக்கும்."

படத்தை சிடியில் ஏற்றி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய் பிளெக்ஸ் அடிக்கக் கொடுக்க வேண்டும். சீசன் கூட்டத்தில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அய்யம்பாளையத்தில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போகிற மகாராணி, "குடுங்க, போற வழிதான. நான் குடுத்து வாங்கிட்டு வாரேன்" என்றாள். அவள் சுருட்டிய பிளெக்ஸோடு திரும்பி வந்து, நேரே லாட்ஜில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வேலுச்சாமி முன்னால் நிற்க, இரண்டு ஆட்கள் ஏணி வைத்துக் கட்டினார்கள். பிளெக்ஸ் மேலிருந்து கீழே அவிழ்ந்து விழுந்தது. முதலில் வானம் வந்தது. பிறகு மங்கலான மலைகள். பிறகு ஊதாச் சரிவு. தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். பாலகுமார் ஸ்வெட்டரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கடைசிச் சுருளும் விழுந்தது.

மலைக்குக் குறுக்கே, பெரிய மஞ்சள் எழுத்தில் இருந்தது: 'பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. தினமும் பூக்கும் மகாராணி இட்லி. உள்ளே வாருங்கள்.' வலது ஓரத்தில், பள்ளத்தாக்கின் மேல், நான்கு இட்லியும் ஒரு கிண்ணம் சட்னியும் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தன.

"அந்த வரி நாஞ்சொன்னதுதான்" என்றார் வேலுச்சாமி திருப்தியாக. "ஒம்பொண்டாட்டிக்கு யாவாரக் கண்ணு இருக்குப்பா."

பாலகுமார் வீட்டுக்குப் போன் போட்டார்.

"எம்பேரு எங்க?"

"இருக்குங்க. இட்லிக்குக் கீழ இருக்கு" என்றாள் மகாராணி. "கடைக்காரரு அழிக்கவான்னு கேட்டாரு. பாவம், இருந்துட்டுப் போகட்டும், இட்லிய அதுக்கு மேல வச்சிருங்கன்னுட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் குடும்பத்தோடு நின்று, தலையை அண்ணாந்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரசிகராவது இருக்கிறாரே என்று பாலகுமார் பக்கத்தில் போனார்.

"இந்த மலை நான் வரைஞ்சதுங்க" என்றார் அடக்கமாக.

"ரொம்பச் சந்தோசம் தம்பி" என்றார் பெரியவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சட்னி மட்டுந்தானா, சாம்பாரும் உண்டா?"

பாலகுமார் ஒருதரம் மலையைப் பார்த்தார்.

"ரெண்டும் உண்டு சார். உள்ள போய் உக்காருங்க, அடுத்த ஈடு எறக்கப் போறாக."